தண்ணீர் தங்கும் இடம்

முதல் டைவிங் சூட் தொடையோடு நின்றுவிட்டது. நித்யகலா இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். நகம் படாமல், விரல்களின் சதையால் கிள்ளிக் கிள்ளி மேலே ஏற்ற வேண்டும் என்று பயிற்சி தருகிற பெனிட்டா சொல்லியிருந்தாள். நகம் பட்டால் ரப்பர் கிழியும், கிழிந்த இடத்தில் கடல் உள்ளே வரும். பாதத்தில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு காலை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்பதும் அவள் சொன்னதுதான். அப்படித்தான் கணுக்கால் போயிற்று, முழங்கால் போயிற்று, தொடையின் பாதிக்கு வந்ததும் பிடிவாதமாக நின்றுகொண்டது. அதற்குமேல் இழுத்த இழுப்பெல்லாம் அவள் தோலைத்தான் இழுத்தது. ஈரம் காயாத பழைய கறுப்பு ரப்பர். உப்பு, டெட்டால், அதற்கும் அடியில் இன்னொரு வாடை. அது என்னவென்று அவள் மூக்கைச் சுளித்தபோது பெனிட்டாவே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாள்: "கடலுக்குள்ள குளிருக்கு எல்லாரும் உள்ளயே போயிருவாங்கக்கா. பொய் சொல்லக் கூடாது. நாங்க நல்லா அலசித்தான் காயப் போடறோம்." புதுச்சேரிக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி இருந்த அந்த டைவிங் பள்ளியில் உடை மாற்றுவதற்கென்று இருந்தது இந்த ஒரு அறைதான். முன்பு படகு எஞ்சின் வைத்திருந்த இடமாக இருக்க வேண்டும், தரையில் எண்ணெய்க் கறை. கதவுக்குப் பதில் நீலத் தார்ப்பாய். சுவரில் ஆணி ஆணியாகச் சூட்டுகள் தொங்கின, கையும் காலும் இருந்து தலை மட்டும் இல்லாமல். தார்ப்பாய்க்கு வெளியே கணவன் ஞானவேலின் குரல். அவனுக்கு எடுத்துக் கொடுத்த முதல் சூட்டே பொருந்திவிட்டது. யாரோ அவன் உடம்பை அளவெடுத்துத் தைத்த மாதிரி தோளிலும் இடுப்பிலும் ஒட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டவுடன் அவள் எதிரில் வந்து ஒரு சுற்றுச் சுற்றி, "எப்படி இருக்கு?" என்றான், தீபாவளிச் சட்டை போட்ட பையன் மாதிரி. கேட்ட வாயோடு அவன் முகம் சுருங்கிவிட்டது. இப்போதெல்லாம் அவனுக்கு அப்படித்தான். எதற்காவது சந்தோஷப்பட்டுவிட்டால் உடனே அவளைப் பார்ப்பான், பார்த்தவுடன் அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பான். நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு சொல், அதைக்கூடச் சொல்லவில்லை. சூட்டை மறுபடி முழங்காலுக்கு இறக்கினாள், இறங்குவதற்கும் அது மறுத்தது.

இங்கே வந்ததே அவளால்தான். சேர்ந்து ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு ஞானவேல் யோகா என்றான், பாட்மின்டன் என்றான், கொடைக்கானல் என்றான், எல்லாவற்றுக்கும் அவள் சரி என்றாள், சரி என்றால் வேண்டாம் என்று அர்த்தம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அப்போது அவள் கைபேசியில் வந்துகொண்டிருந்ததெல்லாம் டயப்பர் விளம்பரமும் தொட்டில் விளம்பரமும்தான். யாரும் அந்தப் பெட்டிக்குச் சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் சொன்னார்கள், அதற்குச் சொல்ல வழி இல்லை. அது பாட்டுக்குக் கணக்குப் போட்டு, இப்போது பிறந்திருக்கும், இப்போது தலை நின்றிருக்கும், இப்போது கையில் கிலுகிலுப்பை பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தது. அவற்றுக்கு நடுவே ஒரு நாள் நீலத் தண்ணீருக்குள் ஒருத்தி கால் ஊன்றாமல் தொங்கிக்கொண்டிருந்தாள். மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. நித்யகலா அந்தப் படத்தை ஞானவேலிடம் நீட்டினாள். அவள் ஒன்றைக் கேட்டுவிட்டாள் என்பதிலேயே அவன் கண் கலங்கிப்போய் அன்றைக்கே இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தான். பயிற்சி தாம்பரம் பக்கம் ஒரு கிளப்பின் நீச்சல்குளத்தில். பனியனும் லெக்கிங்ஸும் போதும், குளத்துத் தண்ணீர் வெதுவெதுப்பு. முதல் தடவை அடியில் போய் உட்கார்ந்தபோது அவளுக்குப் புரிந்தது, எதற்காக அந்தப் படத்தைக் காட்டினாள் என்று. வாய்க்குள் குழாய் இருக்கிறவளிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. அங்கே இருப்பது ஒரே ஒரு கேள்வி. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுவார்கள்: சரியா? திருப்பி அதே வளையத்தைக் காட்டினால் தீர்ந்தது, நம்பிவிடுவார்கள், அதற்குமேல் முகத்தை உற்றுப் பார்க்க மாட்டார்கள். தன் மூச்சு உள்ளே போகிற சத்தம், குமிழிகள் மேலே போகிற சத்தம். வயிறு தொங்கவில்லை, மார்பு கனக்கவில்லை, உடம்பு என்று ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கவே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் வாரம் முழுக்கச் சாப்பிட்டாள், தலை வாரிக்கொண்டாள், பள்ளிக்கூடத்துக்குப் போய் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்தினாள். ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் அடியில் உட்கார்ந்தபடி, காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பயமே வரவில்லை. பயம் வீட்டுக்கு வந்து பருப்பு வேக வைக்கும்போதுதான் வந்தது, குக்கர் விசில் அடித்தபோது, அங்கே ஏன் பயப்படவில்லை என்கிற பயம்.

"அக்கா, ஏறிச்சா?" தார்ப்பாயை விலக்கிக்கொண்டு பெனிட்டா உள்ளே வந்தாள். கறுத்து மெலிந்து, முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கடல் பயிற்சிக்கு அவள்தான் ஆசிரியை. முழங்காலில் சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு, "அது வேணாம், இத போடுங்க," என்று தோளில் கிடந்த இன்னொன்றை நீட்டினாள். சும்மா பனியனோடு வருகிறேனே, குளத்தில் அப்படித்தானே, என்று நித்யகலா கேட்டாள். "குளத்துல யாரு கடிக்கப் போறா? இங்க சொறி மீன் வந்திருக்குக்கா, ஜெல்லி, பட்ட எடமெல்லாம் தடிச்சிரும். கீழ போனா குளிரும். சூட் இல்லாம நான் எறக்க மாட்டேன்." சொல்லிக்கொண்டே குனிந்து, நித்யகலாவின் காலை ஒரு பொருளைப் பிடிப்பதுபோலப் பிடித்து, சூட்டை ஏற்றத் தொடங்கினாள். கூச்சத்துக்கு நேரமில்லை. இது பெண்கள் அளவில் பெரியது. தொடை போயிற்று. இடுப்பு முரண்டு பிடித்துப் போயிற்று. கைகள் நுழைந்தன. "திரும்புங்க, கூன் போடாம, தோள பின்னால கொண்டாங்க, மூச்ச வெளிய விடுங்க." முதுகின் அடியில் ஜிப் ஒரு பூச்சி மாதிரி ஊர ஆரம்பித்தது. நித்யகலா மூச்சை வெளியே விட்டாள். இன்னும் விட்டாள். விட விட ரப்பர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை, மூச்சு விட்டால் உடம்பு சிறுத்தது, சிறுத்த அளவுக்குச் சூட் இறுகியது, தொண்டைக்குக் கீழே ஒரு கை அழுத்துவதுபோல இருந்தது. இதே மாதிரிதான் அன்றைக்கும். மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள் என்றாள் ஸ்கேன் எடுத்த டாக்டர். அடக்கிக்கொண்டாள். வயிற்றில் ஜில்லென்ற பசை, அதன்மேல் நகர்ந்த கருவி, நகர்ந்து நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது, மறுபடி நகர்ந்தது, மறுபடி அதே இடத்துக்கு வந்தது. பிறகு அந்த அம்மாள் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். மூச்சை விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. நித்யகலா அடக்கியபடியே இருந்தாள், தான் மூச்சு விட்டால்தான் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல. ஸ்கேனுக்கு முன்னால், அன்று மத்தியானம் அசைவே இல்லை. அவள் ஞானவேலுக்குப் போன் பண்ணிச் சொன்னாள், இன்னிக்கு நல்லா தூங்கறா, என்னைக் கொஞ்சம் உட்கார விட்டிருக்கா என்று. சிரித்துக்கொண்டே சொன்னாள். மாங்காய் நறுக்கிச் சாப்பிட்டாள், பழைய சினிமா பார்த்தாள். அந்த மாங்காயைச் சாப்பிடாமல் அப்போதே ஆட்டோ பிடித்திருந்தால்? காலையிலேயே போயிருந்தால்? முந்தின நாள்? அதற்கு முந்தின நாள் அசைந்ததா, அசைந்தது என்று நினைத்தது வெறும் வாயுவா? டாக்டர்கள் இல்லை என்றார்கள், உங்களால் ஒன்றும் இல்லை, கொடி சுற்றிக்கொண்டது, சில சமயம் இப்படி ஆகும் என்றார்கள். சில சமயம் என்பது ஒரு பதில் மாதிரி. ஜிப் முதுகின் பாதியில் நின்றது.

"ஏறாதுக்கா," என்றாள் பெனிட்டா. முன்பக்கம் வந்து, கையை விரித்து நித்யகலாவின் வயிற்றில் வைத்து அழுத்திப் பார்த்தாள், மாவு பதம் பார்க்கிற மாதிரி. "இங்கதான் இடிக்குது. கொழந்த பொறந்து எத்தன மாசம்?" வழக்கமாக இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயாராக இருக்கும். அடுக்ககத்துக் காவல்காரருக்கு, செக்கப்புக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரருக்கு, காய்கறிக் கடைக்காரம்மாவுக்கு, பள்ளியில் லீவு முடிந்து வந்த ஹிந்தி டீச்சருக்கு, எல்லாருக்கும் ஒரே பதில், இல்லிங்க, தவறிப்போச்சு. சொன்னவுடன் எதிரில் இருக்கிற முகம் இடிந்து விழும். விழுந்த முகத்தைத் தூக்கி நிறுத்த வேண்டியது அவள் வேலை. பரவால்லிங்க, நான் நல்லாத்தான் இருக்கேன், கவலைப்படாதீங்க. காய்கறிக் கடைக்காரம்மா அழுதே விட்டாள், அவளுக்கு நித்யகலா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். இந்தப் பெண்ணையும் இப்போது உட்கார வைத்துச் சமாதானப்படுத்த வேண்டும், இந்த மூத்திர வாடையில், பாதி ஜிப்போடு. முடியாது. அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை, முடியாது என்பது மட்டும்தான். "அஞ்சு மாசம்," என்றாள். அது உண்மை. புரட்டாசியில் பிறந்தது, இது மாசி. "பையனா?" "பொண்ணு." அதுவும் உண்மை, காட்டினார்கள், ஒரே ஒரு தடவை, தலைமுடி நிறைய இருந்தது. "யார்கிட்ட உட்டுட்டு வந்தீங்க?" நித்யகலா சுவரைப் பார்த்தாள். "அம்மாகிட்ட," என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை. கூரை இடியவில்லை. பெனிட்டா ஜிப்பை இறக்கிக்கொண்டே, "சமத்தா இருக்குதா, அழுவுமா?" என்று கேட்டாள், இருக்கும் என்றாள் நித்யகலா, ராத்திரி மட்டும் கொஞ்சம் அழுவா. "குப்புற விழுந்துச்சா?" விழுந்துட்டா, போன மாசமே, கொழுக்கட்டை பண்ணினோம். கொழுக்கட்டை அவளுக்கு எங்கிருந்து வந்தது? வாய் தானாகப் போய்க்கொண்டிருந்தது, ரொம்ப நாள் அந்தப் பாதையில் நடந்து பழகிய கால் மாதிரி. அப்போதுதான் தெரிந்தது அவளுக்கு, இதெல்லாம் புதிதாக முளைத்த பொய் இல்லை, கைபேசி கணக்குப் போட்ட மாதிரியே அவளும் அடியில் எங்கேயோ கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள், ஒரு மாதமும் விடவில்லை. "பால் குடுக்கறீங்கல்ல? அப்ப இவ்ளோ இறுக்கமா போடவே கூடாதுக்கா, பால் கட்டிக்கும். எங்க அக்கா அப்பிடித்தான், கல்யாணத்துக்குப் போகணும்னு பழைய ஜாக்கெட்ட இழுத்து மாட்டிட்டுப் போயி, ஜொரத்துல படுத்துட்டா." பால் வந்தது. குழந்தை போன மூன்றாம் நாள் வந்தது, யாரும் அதற்கும் சொல்லவில்லை. இரவிக்கை நனைந்து, புடவை நனைந்து, அம்மா ஓடிப்போய் முழம் முழமாக மல்லிகைப்பூ வாங்கி வந்து மார்பில் வைத்து வெள்ளைத் துணியால் இறுகக் கட்டினாள். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும். அம்மாவுக்கு அவளுடைய அம்மா சொன்னதாம், எதற்காகச் சொன்னாள், எத்தனை பேருக்கு எத்தனை தடவை தேவைப்பட்டிருந்தால் இதற்கென்று ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருப்பார்கள். பூ வதங்க வதங்க மாற்றினார்கள். கல்யாண வீட்டு வாசனையில் கிடந்தாள். சாயங்காலம் ஞானவேல் அறைக்குள் வந்து, வாசனை பட்டவுடன் ஒரு நொடி சிரிக்கப் போய், துணிக்கட்டைப் பார்த்துவிட்டு வெளியே போனான். இப்போதும் ரப்பர் அழுத்திய இடத்தில் சுருக்கென்று ஒன்று ஓடியது, வற்றியாகிவிட்டது என்று எல்லாரும் சொன்ன இடத்தில். "பேரு என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் பெனிட்டா, ஆணியிலிருந்து மூன்றாவது சூட்டை எடுத்தபடி. பழகிய பாதையில் போன கால் எங்கேயோ பள்ளத்தில் இறங்கியது. "இன்னும் வெக்கல," என்றாள் நித்யகலா. "பாப்பான்னே கூப்பிடறோம்." "அஞ்சு மாசமாவா? நல்ல ஆளுங்கக்கா நீங்க." பெயர் யோசித்து வைப்பது ஆகாது என்று மாமியார் சொல்லியிருந்தாள், பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம். பிறந்த பிறகு யாரும் பார்க்கவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி ஞானவேலிடம் கொடுத்தார்கள், அவனும் அவன் அண்ணனும் போனார்கள், திரும்பி வந்தபோது அவன் கால்சட்டை முழங்காலில் செம்மண் இருந்தது. அவள் கேட்கவில்லை. எங்கே, எந்தப் பக்கம், மரம் ஏதாவது இருக்கிறதா, தலை எந்தத் திசையில், ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அந்தக் கால்சட்டையை அவளேதான் பிற்பாடு துவைத்தாள்.

மூன்றாவது, ஆண்களுக்கான பெரிய அளவு. அது ஏறியது. தொடையில் ஏறியது, வயிற்றின்மேல் ஏறியது, கைகள் விரல் நுனிவரை நீண்டு மடித்துவிட வேண்டியிருந்தது, முதுகில் ஜிப் ஒரே இழுப்பில் கழுத்துவரை போயிற்று. வெல்க்ரோவை ஒட்டினாள் பெனிட்டா. மூச்சு விட முடிந்தது. நித்யகலா கையை உயர்த்தினாள், குந்தி உட்கார்ந்து எழுந்தாள், சுவரில் மாட்டியிருந்த புள்ளி விழுந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு, வயிறு எது மார்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே கறுப்பு. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. இப்படியே போய்ப் படகில் உட்கார வேண்டும், பின்பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும், கீழே போக வேண்டும், அங்கே விரலை வளைத்துக் காட்ட வேண்டும். "இது போதும்," என்றாள், "இதே போதும், போலாம்." பெனிட்டா அவளைச் சுற்றி வந்தாள். இடுப்புக்கு மேலே, முதுகு உள்வாங்குகிற இடத்தில் ரப்பரைப் பிடித்து இழுத்தாள். ஒரு பிடி ரப்பர் கையோடு வந்தது. கக்கத்திலும் வந்தது. "இங்க பாருங்க. இங்க தண்ணி தங்காதுக்கா." சூட் தண்ணீரைத் தடுப்பதில்லை, கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், உடம்போடு ஒட்டி நின்று உடம்புச் சூட்டிலேயே சூடாகிக்கொள்ளும், அதுதான் காப்பாற்றும், ஆனால் இடைவெளி இருந்தால் நிற்காது, ஒவ்வொரு அசைவுக்கும் சூடான தண்ணீர் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் வரும், எத்தனை தடவை சூடாக்கினாலும் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும் என்று பெனிட்டா விளக்கினாள், பொறுமையாக, பழக்கப்பட்ட குரலில். நித்யகலாவுக்கு அதில் தங்காது என்கிற ஒரு சொல்தான் நின்றது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள், தங்கல, தங்கலம்மா, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, தங்கல. வீட்டுக்கு வந்த விருந்தாளி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போன மாதிரி. தங்குகிற இடத்தில் என்ன குறை, இடம் சரியில்லையா, சூடு போதவில்லையா, அவள் உடம்புக்கு ஒன்றைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியவில்லையா. "நான் ஆடாம அசையாம இருக்கேன்," என்றாள். குரல் கெஞ்சியது, அது அவளுக்கே கேட்டது. "ஓரமா ஒரு எடத்துல சும்மா உக்காந்திருக்கேன், பெனிட்டா. நீந்தவே மாட்டேன்."

"கடல்ல யாரு சும்மா உக்கார முடியும்?" பெனிட்டா சிரித்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "கோச்சுக்காதீங்கக்கா. உங்க ஒடம்பு இன்னும் மாறிட்டே இருக்கு. பால் மறந்து, எல்லாம் பழைய நிலைக்கு வரட்டும், அளவெடுத்துத் தைக்கச் சொல்லலாம். இப்ப தெச்சா நாளைக்கே லூசாயிரும். ஒடம்பு ஒரு எடத்துல நிக்கணும்ல." எந்த இடத்தில் நிற்கும்? பிரசவித்தவள் உடம்பும் இல்லை, பிரசவிக்காதவள் உடம்பும் இல்லை, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு உண்டா, அந்த அளவுக்கு யார் வெட்டித் தைக்கிறார்கள். தார்ப்பாய்க்குக் கீழே ரப்பர் காலணி போட்ட இரண்டு கால்கள் வந்து நின்றன. "நித்யா, ஆயிடுச்சா? படகுல ஏறச் சொல்றாங்க." அவள் பெனிட்டாவின் வாயைப் பார்த்தாள். அதற்குள் அந்தப் பெண் தார்ப்பாயை விலக்கிவிட்டாள். வெயில் உள்ளே விழுந்தது, அதில் ஞானவேல் நின்றான், கழுத்துவரை மூடிய கறுப்பில், கையில் முகக் கண்ணாடி. "அண்ணா, அக்காவுக்கு எதுவும் பொருந்தலண்ணா. கொழந்த பெத்த ஒடம்பு, இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. ஆமா, அஞ்சு மாசப் பாப்பாவ உட்டுட்டு ரெண்டு பேரும் கடலுக்கு வந்துட்டீங்க, செம தைரியம்தான். இன்னும் பேரு கூட வெக்கலியாமே?"

கூரை இப்போது விழப் போகிறது. நித்யகலாவுக்குக் காதில் தண்ணீர் புகுந்த மாதிரி அடைத்தது. அவன் அவளைப் பார்ப்பான், என்ன சொன்னாய் என்று பார்ப்பான், பிறகு இந்தப் பெண்ணிடம் திரும்பி, அவனுக்கே உரிய அந்தத் தாழ்ந்த குரலில், அலுவலகத்தில் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற குரலில், தங்கச்சி, ஒரு விஷயம் என்று ஆரம்பிப்பான். பெனிட்டாவின் முகம் விழும். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கிற பார்வையில் இரக்கம் மட்டும் இருக்காது, கொஞ்சம் விலகலும் இருக்கும், புத்தி பேதலித்தவளைப் பார்க்கிற விலகல். அவன் டாக்டருக்குப் போன் பண்ணுவான். மாத்திரை மாறும். அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, மூட நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் ஞானவேல் யோசிக்கவே இல்லை. "வெச்சாச்சே," என்றான். "எழிலி."

"எழிலியா? புதுசா இருக்குண்ணா. என்ன அர்த்தம்?"

"மேகம். மழை மேகம்."

அவன் அதைச் சொன்ன விதம். அவளுக்காக, அவளைக் காப்பாற்றுவதற்காக, அந்த நிமிஷத்தில் பிடித்து இழுத்துச் சொன்னது இல்லை அது. அப்படிச் சொல்லியிருந்தால் தடுமாறியிருப்பான், அவனுக்குப் பொய் வராது, டிக்கெட் பரிசோதகரிடம்கூட வராது. இது வாயில் கிடந்து தேய்ந்த பெயர். உள் அறையில் விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி வந்தது, நடுவில் அந்த ழகரம் வழுக்கிக்கொண்டு. தமிழில் பத்திரிகைகூடப் படிக்காதவன், எங்கே போய்த் தேடினான், எப்போது தேடினான்? அவளுக்கு வயிறு பெரிதாகிக்கொண்டிருந்தபோதே தெரியுமா? செம்மண்ணுக்கு முன்னாலா, பின்னாலா? யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறான்? அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த யாராவது, உங்களுக்கு எத்தனை பசங்க சார் என்று கேட்டிருப்பார்கள். ரயிலில் எதிர் இருக்கைக்காரர். ஒன்று, பொண்ணு, எழிலி. இத்தனை நாளும் அவன் காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பிப் போய் எங்கேயோ ஒரு ஊரில் அந்தக் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தான், குப்புற விழ வைத்தான், கொழுக்கட்டை கொடுத்தான், சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு ஒன்றும் இல்லாத வீட்டுக்கு வந்தான். அவள் ஒரு குளத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், இரண்டு பேர் இரண்டு குழந்தைகளை வைத்திருந்தார்கள். அவனுடையதற்குப் பெயர் இருந்தது. அவளுக்கு அவன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, அப்படி ஒரு பொறாமை, அவன் கழுத்தைப் பிடித்து உலுக்கி இன்னும் சொல், இன்னும் என்ன வைத்திருக்கிறாய், கண் யார் மாதிரி, சொல் என்று கேட்க வேண்டும் போல. கேட்டிருந்தால் ஒருவேளை அவன் சொல்லியிருப்பான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவள் கழுத்தில் தொளதொளவென்று நின்ற ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ வரலியா அப்ப?" என்றான். "பொருந்தல," என்றாள். "நானும் இருந்துடறேன் நித்யா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்." "இல்ல, நீங்க போயிட்டு வாங்க." "தனியா உக்காந்திருப்பியே." "பரவால்ல, போங்க." அவன் முகக் கண்ணாடியின் பட்டையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான், யாரோ கரையிலிருந்து சார், சார் என்று கூப்பிட்டார்கள். போனான். முதுகில் சூட் ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது, தண்ணீர் வந்து போக இடைவெளியே இல்லை. மணலில் அவன் நடந்து, தண்ணீரில் முழங்கால் அளவுக்கு இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்து ஏறுவதை அவள் பார்த்தாள். அவனுக்கும் கீழே போக வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இவ்வளவு நாளும் அவன் அவளுக்குத் துணைக்கு வருவதாகவே நினைத்திருந்தாள். குளத்தடியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவன் வளையம் காட்டினான், அவள் வளையம் காட்டினாள், அவளும் அவன் முகத்தை உற்றுப் பார்த்ததில்லை. எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. திரும்பி வருவான். ஈரத் தலையோடு வருவான், மீன் பார்த்தேன், ஆமை பார்த்தேன் என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவான், பிறகு வழியில் எங்காவது சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள், அந்தப் பெயரை அவனும் எடுக்க மாட்டான் அவளும் எடுக்க மாட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பெனிட்டா பின்னால் வந்து ஜிப்பின் கயிற்றைப் பிடித்தாள்.

"கைய தளர்த்தி விடுங்கக்கா," என்றாள். "நல்ல பேரு. எழிலி. யாரு வெச்சது, நீங்களா?"

படகு சிறுத்துக்கொண்டே போயிற்று.

"இல்ல," என்றாள் நித்யகலா. "அவங்கப்பா."